வாப்பா தனக்கென்று கட்டிய வீடு

மகனுக்கு,

முதலில் ஸலாம். சண்டையைப் பிறகு பிடிப்போம். நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நான் சுகம். மழை வருவதற்கு முன்னால் முழங்கால் செய்தி சொல்லிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. கட்டாரிலிருந்து நீ தொலைபேசியில் சொன்ன எல்லாவற்றையும் நான் கேட்டேன். எனக்குக் காது மந்தமில்லை. பதில் சொல்லாமல் ஃபோனை உன் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனது கோபத்தில்தான். கோபத்தில் பேசினால் உனக்கு ஏச்சு மட்டும்தான் கிடைத்திருக்கும், விஷயம் கிடைத்திருக்காது. அதனால் எழுதுகிறேன். இதை உன் பெண்சாதிக்கு வாசித்துக் காட்டு. சம்பந்தி வீட்டாருக்கும் காட்டு. ஊர் முழுக்க வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ எல்லாவற்றையும் அழகாகத்தான் பிரித்து வைத்திருக்கிறாய். உன் மூத்த மகளுக்குச் சீதனமாக, இப்போது நீங்கள் இருக்கும் உன் பெண்சாதியின் வீடு. இளையவளுக்கு வயலோரத்தில் நான் குடியிருக்கும் இந்த ஓரறை வீட்டை இடித்துவிட்டு அதே காணியில் ஒரு மாடி வீடு. எனக்கு உன் தங்கச்சி வீட்டில் காற்று வரும் அறை ஒன்று. நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தோடு வருவார், உம்மா கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. உம்மா கையெழுத்து வைக்க மாட்டாள். இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மனம் பொறுக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன். உன் பேச்சில் மற்றதெல்லாம் போகட்டும். "மூத்தவாப்பா தனிய இருந்து மௌத்தான வீடுதானே உம்மா, அதுக்குள்ள என்ன இரிக்கி" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

உன் மூத்தவாப்பாவை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அவருடைய தோளில் ஏறி வரப்பில் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் வாப்பா உயரமான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார், வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். எங்களுக்கு மேற்கே இருந்த வட்டையில் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அதிகம் பேச மாட்டார், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அவரை அசைக்க ஊரில் ஆள் இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் வாப்பா உயிரோடு இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். உன் பெண்சாதி இப்போது உன்னைப் பற்றி அதையே கேட்பாள் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. அதைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள், இரண்டு ராத்தாமாருக்கும் இளையவள் நான், ஆண் பிள்ளை இல்லை. மூத்த ராத்தாவின் கல்யாணத்துக்குக் கடற்கரைப் பக்கம் இருந்த பெரிய வீட்டைக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் பிறந்த வீடு அது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் வருவதற்கு முன்னால் சாவியை ராத்தாவின் கையில் வைத்தார். மாப்பிள்ளை கேட்டாலும் இதை உன் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு உம்மாவையும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ஓலை வேய்ந்த ஒரு கொட்டிலுக்குக் குடி போனார். அடுத்த வளவில் இளைய ராத்தாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்தது. கூரைக்கு ஏற்றிய மரமெல்லாம் போனது. எங்கள் வளவில் நின்ற பெரிய பலா மரமும் வேரோடு சாய்ந்தது. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, வாப்பா அந்தப் பலாவை அறுத்துப் பலகையாக்கி அடுக்கி வைத்தார். எதற்கு என்று உம்மா கேட்டதற்கு, கிடக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

இளைய ராத்தாவுக்கும் வீடு கொடுத்தார். பிறகு எனக்கும் கொடுத்தார், அதுதான் இப்போது உன் தங்கச்சி இருக்கும் வீடு. மூன்று பெண்களையும் கரைசேர்த்த மனிதர் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழோடு அவரும் உம்மாவும் என் வீட்டின் பின் அறையில் இருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடத்தில் உம்மா மௌத்தானார். அதற்குப் பிறகு வாப்பா ஒரு பெட்டியோடு மூன்று வீட்டுக்கும் மாறி மாறி வந்து போனார். அவர் எங்கே இருந்தாலும் மகள் வீட்டில்தானே இருக்கிறார், என்ன குறை என்று நாங்கள் இருந்தோம். மூன்று வீடு உள்ள மனிதருக்குச் சோறு கிடைக்காது என்று யார் நினைப்பார்கள்?

அந்த வருடம் சிறுபோகத்தின் நடுவில் நோன்பு வந்தது. நீ என் வயிற்றில் இருந்தாய். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற காலம் என்பதால் வாப்பா அடிக்கடி வயல் காவல் குடிசையான வாடியில் தங்குவார் என்று எங்களுக்குத் தெரியும். நோன்பு திறக்க அவர் மூத்த ராத்தா வீட்டுக்குப் போகிறார் என்று நான் இருந்தேன். மூத்த ராத்தா, அவர் இளைய ராத்தா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தாள். இளைய ராத்தா, பிள்ளைத்தாய்ச்சியான என்னைப் பார்த்துக்கொள்ள வாப்பா என் வீட்டில்தான் இருப்பார் என்று முடிவு கட்டியிருந்தாள். பெருநாள் நெருங்கிய ஒரு பின்னேரம், எங்கள் முறைக்குக் கஞ்சிக்கு அரிசியும் தேங்காயும் வாங்கிப்போக வந்த, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், கதையோடு கதையாக, "உங்கட வாப்பா இந்த முறை நோம்பு முழுக்க எங்களோடதான் கஞ்சி குடிக்கிறாரு, நல்ல மனிசன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். வழிப்போக்கர்களும் இல்லாதவர்களும் குந்தியிருந்து நோன்பு திறக்கும் வரிசையில் என் வாப்பா இருந்திருக்கிறார். விடியுமுன் ஸஹருக்குக் கடையில் வாங்கிய பாணும் வாழைப்பழமும். மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்த ஊரில்.

வேறு எந்த ஊரில் இந்தப் பிழை நடக்கும்? ஒரு வீடு உள்ளவனை அந்த வீட்டில் தேடுவார்கள். மூன்று வீட்டைக் கட்டிக் கொடுத்தவனை யாரும் தேடவில்லை. நான் அந்த நிமிடமே முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு, வயல் வழியே வாடிக்குப் போனேன். அவர் வாய்க்கால் கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழுதேன், ஏசினேன், உம்மா இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டேன். எங்களுக்கு மூன்று வீடு இருக்க நீங்கள் பள்ளிக் கஞ்சி குடித்தால் நாங்கள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று கேட்டேன். அவர் காலைக் கழுவி முடித்துச் சாரத்தை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்:

"மூண்டும் நான் கட்டின வீடுதான் மகள். ஆனா உள்ளுக்குப் போகக்குள்ள வாசல்ல நிண்டு செருமிப் போட்டுத்தான் போக வேண்டிக் கிடக்கு."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். மருமகன் உள்ள வீட்டுக்குள் மாமா திடுமென்று நுழைய முடியாது. வாசலில் நின்று தொண்டையைச் செருமி, தான் வந்திருப்பதைத் தெரியப்படுத்தி, உள்ளே எல்லோரும் ஒழுங்காக எழுந்திருக்க நேரம் கொடுத்துத்தான் வர வேண்டும். மருமகன் சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டும், மருமகனின் சிநேகிதர்கள் வந்தால் முன் அறையிலிருந்து எழுந்து போக வேண்டும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருடைய மாப்பிள்ளைமாரும் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதைதான் அவரைப் பள்ளிக்கு அனுப்பியது.

பெருநாள் முடிந்து, சிறுபோகம் வெட்டி, மாரியும் ஓய்ந்த பிறகு வாப்பா வயலோரத்தில் மிச்சமிருந்த இந்தத் துண்டுக் காணியில் அத்திவாரம் வெட்டினார். யாருக்கு வீடு என்று கேட்டவர்களுக்கு, எனக்கு என்றார். ஊர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். ஆண் பிள்ளை தனக்கென்று வீடு கட்டுவதை நம் ஆட்கள் கண்டதே இல்லை. கிழவன் இரண்டாம் கல்யாணத்துக்கு ஆயத்தம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படியென்றாலும் அவளுடைய வீட்டுக்குத்தானே இவர் போவார், இவருக்கு எதற்கு வீடு என்று அடுத்த பேச்சு அதை வெட்டியது. கதை கட்டியவர்களுக்கே கதை பொருந்தவில்லை. மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர், ஊரில் பெரிய மனிதர். அவருக்குத்தான் அதிகம் சுட்டது. மூன்று மகள்மாருக்கும் வாப்பாவை வைத்துப் பார்க்க வக்கில்லை என்று சனம் பேசுகிறது என்று மற்ற இரண்டு வீட்டுக்கும் வந்து முறையிட்டார். ராத்தாமார் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. வாடிக்குப் போய் அந்தப் பதிலைக் கேட்டவள் நான் மட்டும்தான்.

சுவர் வைத்தவர் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து வரும் கணவதி மேசன். எங்கள் மூன்று வீட்டுக்கும் கல் வைத்தவர் அவர்தான். சுவர் இடுப்பளவு எழும்பிய நேரத்தில் கலவரம் வந்து இரண்டு ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வர முடியாது, இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது. நம் ஊரில் மேசன்மார் இல்லையா, பிடித்து முடியுங்கள் என்று மூத்த மச்சான் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். துவங்கியவர் வந்து முடிப்பார் என்று வாப்பா அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தக் காலத்தில் இது என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவர் இடுப்பளவுச் சுவருக்குள் பாயை விரித்து, மேலே ஓலையைப் போட்டுக்கொண்டு இருந்தார். மாதங்கள் போய், தெருவில் ஆட்கள் நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் கணவதி மேசன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரும் இளைத்துப் போயிருந்தார். "காக்கா, நூல் கட்டட்டா" என்றார் அவர், எப்போதும் போல அண்ணன் முறை வைத்து. "ஓம், கட்டுங்க" என்றார் வாப்பா. நீ கைவைத்துத் தள்ளிவிடலாம் என்று நினைக்கும் சுவர், அந்த இடுப்பளவுக்கு மேலே கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். வந்தால் பார்.

கதவு, நிலை எல்லாம் அந்தச் சூறாவளிப் பலா. இப்போது தெரிகிறதா, எதற்கு அடுக்கி வைத்தார் என்று.

வீடு முடிந்த பிறகு அவர் ஒரு புது வழக்கம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குத்தரிசிச் சோறும் மீன் ஆணமும் முருங்கைக்காயும் தன் கையால் ஆக்கிவிட்டு எங்கள் மூன்று பேருக்கும் ஆள் அனுப்புவார். மருமக்களுக்கு அழைப்பில்லை. மருமக்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, மூன்று பேருக்குத்தான் உலை வைத்தேன் என்பார். மூத்த மச்சானுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூத்த ராத்தா முதலில் ஒளித்து ஒளித்து வந்தாள், பிறகு நேராகவே வந்தாள். நாங்கள் பாயில் உட்காருவோம், அவர் பரிமாறுவார். ஆணத்தில் உப்பு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் நான்தான் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பவள், கடைசியில் சாப்பிடுபவள். எனக்கு ஒருவர் சோறு போட்டுத் தந்து, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொன்னது அந்த வீட்டில்தான்.

இனி நான் எழுதப்போவதில் உன் வாப்பாவைப் பிழையாக நினைக்காதே. அவரைப் போல நல்ல மனிதர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ கைக்குழந்தை. எதற்கென்று இப்போது ஞாபகமில்லாத ஒரு சண்டையில் அவர் ஒரு வார்த்தை சொல்ல, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வீடு என் வீடு, கோபித்துக்கொண்டு வெளியே வந்தவளும் நான். மற்ற ஊர்ப் பெண்களுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருக்கும். நமக்கு அதைத்தானே சீதனமாக எழுதித் தந்துவிடுகிறார்கள். ராத்தாமாரின் வீட்டில் மச்சான்மார் இருப்பார்கள், போனால் விசாரணை நடக்கும். கால் தானாக வயல் பக்கம் திரும்பியது. வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. உன்னை வாங்கிக்கொண்டார், என்னைப் போய்ப் படு என்றார். நான் நடுப்பகலில், பொறுப்பேதும் இல்லாமல், சின்னப் பிள்ளையாகத் தூங்கினேன். எழும்பியபோது சோறு ஆக்கி மூடி வைத்திருந்தார். அப்போதுதான் சொன்னார்:

"எனக்கு மட்டுமெண்டா வாடி போதும் மகள். மனசு நொந்தா நீங்க மூண்டு பேரும் எங்க போவீங்க? அதுக்குத்தான் இது."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஒரு செருமல் கேட்டது. உன் வாப்பா. என் வீட்டில் செருப்புச் சத்தத்தோடு நுழையும் மனிதர், மாமனாரின் ஓரறை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். வாப்பா உள்ளே இருந்தபடியே, "வாங்க மருமகன், சோறு கிடக்கு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது உன்னை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு காலை சுபஹுக்குப் பிறகு, வாப்பா அந்த அறையிலேயே மௌத்தானார். நீ சொன்னது போலத் தனியாகத்தான் இருந்தார். ஆனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மகள்மாரும் அவர் கையால் சாப்பிட்டிருந்தோம். மூத்த மச்சான் வேனோடு வந்தார். வாப்பாவின் மையத்தைப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், ஊரில் எத்தனை பெரிய மனிதர்கள் வருவார்கள், இந்தக் கொட்டிலில் எங்கே நிறுத்துவது, மூன்று வீடு இருக்க இங்கிருந்து எடுத்தால் நம் மானம் என்னாவது என்றார். அழுதுகொண்டிருந்தவள் எழுந்து போய் வாசலில் நின்றேன். நிலையின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான், மூண்டு வீட்டை எங்களுக்குத் தந்தாரு. இது ஒண்டுதான் அவர்ர. இதுக்குள்ள இருந்துதான் அவர் போவாரு."

ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இப்படி நிற்பதா என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஒரு கை பட்டது, திரும்பிப் பார்த்தால் மூத்த ராத்தா. தன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ஆனால் நின்றாள். இளைய ராத்தாவும் வந்தாள். வேன் திரும்பிப் போனது. வீட்டுக்குள் கொள்ளாத சனம் வரப்பில் நின்றது, வாய்க்காலில் கைகால் கழுவி வுழூச் செய்தது. அந்தப் பலாக் கதவு வழியாகத்தான் மையத்தைச் சுமந்த சந்தூக்கு வெளியே வந்தது. கணவதி மேசன் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். ராத்தாமார் இரண்டு பேரும் பிறகு தங்கள் பங்கை என் பெயருக்கே விட்டுத் தந்தார்கள். விற்க மாட்டேன், இடிக்க மாட்டேன், யாருடைய சீதனத்திலும் சேர்க்க மாட்டேன் என்று அவர்களுக்குச் சொல்லித்தான் வாங்கினேன்.

சுனாமி அன்று கடற்கரைப் பக்கம் இருந்து நாம் எல்லோரும் ஓடி வந்து நின்றது எங்கே என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ அப்போது இளந்தாரி. அந்த ஓரறைக்குள் எத்தனை பேர் இருந்தோம், யாருடைய மடியில் யாருடைய பிள்ளை தூங்கியது என்று உனக்கே தெரியும். அதுக்குள்ள என்ன இரிக்கி என்று கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது?

பேத்தியின் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பெண்ணுக்கு வீடு கொடு, அது நல்ல வழக்கம். அந்த வழக்கத்தால்தான் இந்த ஊரில் எந்த ஆணும் தன் பெண்சாதியைப் பார்த்து வெளியே போ என்று சொல்ல முடியாது. வீட்டை அவள் பெயரில் எழுது, சாவியை அவள் கையில் கொடு. ஆனால் அது உன்னால் ஏலுமான வீடாக இருக்கட்டும். மாடி இல்லாவிட்டால் மாப்பிள்ளை உள்ளே வர மாட்டானாமா? அப்படியென்றால் ஏணி ஒன்று வாங்கிக் கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொல். சம்பந்தி வீட்டாரிடம் உனக்குச் சொல்ல வாய் வராவிட்டால் நான் வந்து சொல்கிறேன். எனக்கு வாய் வரும்.

நீ இன்னும் யோசிக்காத ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. கட்டாரிலிருந்து நீ ஒரு நாள் திரும்பி வருவாய், மகனே. பெட்டியை எந்த வீட்டில் இறக்குவாய்? பெரிய மகளின் வாசலில் நின்று செருமுவாய். பிறகு சின்ன மகளின் வாசலில் நின்று செருமுவாய். மருமக்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், மரியாதையாக எழுந்து நிற்பார்கள். அப்போது உன் கால் வயல் பக்கம் திரும்பும். அங்கே இந்த வீடு இருக்க வேண்டும். நான் இருந்தால் சோறு இருக்கும், நான் இல்லாவிட்டால் சாவி தங்கச்சியிடம் இருக்கும்.

நொத்தாரிசை அனுப்பாதே. லீவு கிடைத்ததும் நீ வா, பசியோடு வா. ஆணத்தில் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது. வாசலில் நின்று செருமாதே. நேரே உள்ளே வா.

உம்மா